கேள்வியை யார் கேட்பது?



சர்வதேச நீதிமன்றம் என்ற சொல் இன்று வன்னியில் மேடைக்கு மேடை கேட்கிறது. அந்த நீதிமன்றத்தால் எது முடியும், எது முடியாது என்பதைத் தொழிலாளர்களாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டும். நம்மைப் போன்ற தோட்டத் தொழிலாளரின் வரலாறு ஒன்றே அதற்குப் பாடமாக இருக்கிறது.

இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் சாகோஸ் தீவுகள் உள்ளன. தென்னந்தோட்டங்களில் உழைப்பதற்காக ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும், பின்னர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர் அங்கே பரம்பரையாக வாழ்ந்தார்கள். 1965இல் பிரித்தானியா இத்தீவுகளை மொரிசியஸிலிருந்து பிரித்தெடுத்தது. டியாகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் அமைப்பதற்காகத் தோட்டங்களை மூடி, 1973க்குள் மக்கள் அனைவரையும் கப்பலேற்றியது. அதற்கு அது சொன்ன நியாயம் என்ன? "இவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர், நிரந்தரக் குடிகள் அல்லர்" என்பதுதான்.

இந்த நியாயம் நமக்குப் புதிதல்ல. 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தபோது இங்கேயும் இதைத்தானே சொன்னார்கள்!

சர்வதேச நீதிமன்றத்தில் வழக்காட அரசுகளால் மட்டுமே முடியும். ஆலோசனைக் கருத்துக் கேட்பதற்கோ ஐ.நா. பொதுச்சபை போன்ற அமைப்புகளுக்குத்தான் உரிமை உண்டு. சாகோஸ் விடயத்தில் 2017இல் பொதுச்சபை 94 வாக்குகளால் கேள்வியை அனுப்பியது. விசாரணையில் எழுதப் படிக்கத் தெரியாத லிஸ்பி எலிசே என்ற தீவுப் பெண்ணின் வாக்குமூலம் காணொளியாக ஒலித்தது. 2019 பெப்ரவரி 25இல், பிரித்தானியா தன் நிர்வாகத்தை விரைவில் முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. 2024 ஜூலை 19இல் பலஸ்தீனப் பிரதேசங்களில் இஸ்ரேலின் இருப்பு சட்டவிரோதமானது என்று கூறியதும் இதே நீதிமன்றம்தான்.

இக்கருத்துகள் எவரையும் நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை. ஆனாலும் அவற்றுக்குப் பலம் உண்டு. 2025 மே மாதம் தீவுகளின் இறைமையை மொரிசியஸிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கையில் பிரித்தானியா கையெழுத்திட்டது. ஆனால் அதே உடன்படிக்கையில் டியாகோ கார்சியா தளம் 99 வருடக் குத்தகைக்கு விடப்பட்டது. தீவு மக்கள் அங்கே மீளக் குடியேற இடமில்லை. அரசுக்கும் அரசுக்கும் இடையிலான கணக்குத் தீர்ந்தது, தென்னை நட்டவர்களின் கணக்குத் தீரவில்லை. பொதுச்சபை அனுப்பிய கேள்வியில் தீவு மக்களின் மீள்குடியேற்றமும் இருந்தது, ஆனாலும் அவர்களின் கணக்கு இன்னும் பாக்கியாகவே இருக்கிறது.

வன்னிக்கு வருவோம். முல்லைத்தீவு கேப்பாப்புலவு மக்கள் 2012இல் மெனிக் பாம் முகாமிலிருந்து சொந்தக் கிராமத்துக்கு அல்லாமல் 'மாதிரிக் கிராமத்துக்கு' அனுப்பப்பட்டார்கள். 2017இல் இராணுவ முகாமுக்கு எதிரே வீதியில் அமர்ந்து போராடினார்கள். அந்த ஆண்டிலேயே காணிகளில் ஒரு பகுதி விடுபட்டது. எந்த நீதிமன்றத்தின் கருத்துக்காகவும் அவர்கள் காத்திருக்கவில்லை. 1977, 1983 வன்செயல்களில் மலையகத்திலிருந்து ஓடிவந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காடு வெட்டிக் குடியேறிய நம் உறவுகளிலோ, இன்றும் காணி அனுமதிப்பத்திரம் இல்லாத குடும்பங்கள் பல. அவர்களுக்காக மேடையில் யார் பேசுகிறார்கள்?

சர்வதேசத்திடம் போவதை நான் எதிர்க்கவில்லை. போகட்டும்! ஆனால் 'இது யாருடைய நிலம்' என்று கேட்கும்போதே, 'அதில் உழைத்தவர் எங்கே வாழ்வது' என்றும் கேட்க வேண்டும். வேலைநிறுத்த உரிமை பற்றி 2023 நவம்பரில் சர்வதேச தொழில் அமைப்பு இதே நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டது. அந்த அமைப்பில் தொழிற்சங்கங்களுக்கும் ஆசனம் உண்டு. ஆகவே இந்தக் கதவு நமக்கு முற்றாக அடைபட்டதல்ல.

முதல் வேலை நம் கையில்தான் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ், பழைய வாக்காளர் இடாப்புப் பிரதி, முகாம் அட்டை, பிரதேச செயலகம் தந்த கடிதம் எதுவானாலும் பத்திரப்படுத்துங்கள். பிரதிகளைக் கிளைக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். மலையகத்தில் லயத்தில் இருந்துகொண்டு வீட்டுக்காணிக்கு உறுதி கேட்பவரும், வன்னியில் அனுமதிப்பத்திரம் கேட்பவரும் ஒரே மனுவில் கையெழுத்திடட்டும். நம் கேள்வியை நாம் எழுதாவிட்டால், நம்மை விட்டுவிட்டே பதிலை எழுதுவார்கள்.