காமிக்ஸ் ஏன் கைமாறவில்லை?

1972-இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. 1984-இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் சேர்ந்துகொண்டன. பெட்டிக்கடையில் தொங்கிய அந்தப் புத்தகங்களைச் சிறுவர்கள் தங்கள் கைக்காசிலேயே வாங்கினார்கள். ராணி காமிக்ஸ் 2005-இல் நின்றுபோனது.

தொலைக்காட்சியும் கைப்பேசியும்தான் காரணம் என்பது பாதி உண்மை. ஜப்பானில் 1990-களின் நடுவில் வாரம் 60 லட்சம் பிரதிகளைத் தாண்டிய ஷோனென் ஜம்ப் காமிக்ஸ் இதழ், அச்சில் பெரிதும் சுருங்கிவிட்டது. ஆனால் அங்கே வாசகர்கள் மாங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதைகளை விடவில்லை. கைப்பேசித் திரையில் காசு கொடுத்துப் படிக்கிறார்கள். தமிழில் அப்படியொரு பாதை வலுவாக அமையவில்லை. 2012-இல் புத்துயிர் பெற்ற லயன், வண்ணத்திலும் நல்ல தாளிலும் வந்து சந்தாவையும் புத்தகக் காட்சிகளையும் நம்பி நிற்கிறது. வாங்குபவர்களில் பலர் அன்றைய சிறுவர்கள். இன்றைய சிறுவர்களின் கண்ணில் அது படுவதே இல்லை. உண்மையான இழப்பு இதுதான்.

தமிழ் காமிக்ஸ் வாசகர்களுக்குப் பழக்கமான நாயகர்கள் லக்கி லுக்கும் கேப்டன் டைகரும் பிரெஞ்சு மொழியில் பிறந்தவர்கள். பிரெஞ்சு வாசம் இன்னும் மாறாத புதுச்சேரியில், தேங்காய்த்திட்டுப் பிள்ளைகளுக்கு அவர்கள் தமிழில் கிடைக்க வேண்டாமா? பள்ளி நூலகங்கள் இந்த ஆண்டே சந்தா கட்டட்டும்.