டிரைவர் யார் கையில்?

மைக்கையோ கிட்டாரையோ கணினியோடு இணைக்க யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கப் போகும் நண்பர்களே, விலையைக் கேட்கும் முன் ஒன்றைக் கேளுங்கள். அதன் டிரைவர் யார் கையில் இருக்கிறது?

எங்கள் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் மோட்டார் பழுதானால் மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிடுவார். மூடிய டிரைவரில் அதற்கு வழியே இல்லை. அடுத்த விண்டோஸுக்கு நிறுவனம் டிரைவர் எழுதாமல் விட்டால், பெட்டி நன்றாக இருந்தும் பரண்மேல்தான்.

லினக்ஸில் கதை வேறு. யூஎஸ்பி ஆடியோவுக்கான பொதுத் தரத்தைப் பின்பற்றும் கருவிகளுக்கு ஆல்சாவின் ஒரே டிரைவர் போதும். தரத்துக்கு வெளியே உள்ள வசதிகளில்தான் சிக்கல். ஃபோகஸ்ரைட் நிறுவனத்தின் ஸ்கார்லெட் இரண்டாம் தலைமுறைக் கருவிகளில், மிக்ஸரை லினக்ஸிலிருந்து இயக்க முடியாமல் இருந்தது. ஜெஃப்ரி பென்னட் என்பவர், கருவிக்கும் கணினிக்கும் இடையே ஓடும் தகவலை ஒட்டுக்கேட்டே அதற்கு டிரைவர் எழுதினார். 2019இல் வந்த லினக்ஸ் 5.4இல் அது சேர்ந்தது.

கட்டளைப் பட்டியலை நிறுவனமே வெளியிட்டிருந்தால் இந்தப் பாடு எதற்கு? போட்டியாளர் காப்பியடிப்பார் என்பார்கள். கட்டளை தெரிந்தால் உள்ளே இருக்கும் சர்க்யூட் தெரிந்துவிடுமா என்ன? டிரைவரை விற்றா சம்பாதிக்கிறார்கள்? கருவிக்குத்தானே காசு வாங்குகிறார்கள்!

செகண்ட் ஹேண்டில் வாங்கும் நம்மைப் போன்ற மாணவர்களுக்கு இது கொள்கைப் பேச்சு மட்டுமல்ல, பர்ஸ் விஷயமும்கூட. தனி டிரைவர் இல்லாமலே ஓடுமா என்று கேட்டுவிட்டுக் காசை நீட்டுங்கள்.