எந்த ஊர்ப் பிள்ளை?



விடத்தல்தீவில் நான் சந்திக்கும் அம்மம்மாமார் சிலர், "இலண்டன் பேரப்பிள்ளைக்குத் தமிழ் வராது, அது வெள்ளைக்காரப் பிள்ளை" என்பார்கள். அங்கேயோ அதே பிள்ளையிடம், "உன் சொந்த நாடு எது?" என்று கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் அந்நியமானால் பிள்ளை எங்கே போகும்?

இது நமக்கு மட்டுமுள்ள சிக்கல் அல்ல. அயர்லாந்துப் பெற்றோருக்கு 1957இல் இங்கிலாந்தில் பிறந்தவர் ஷேன் மக்கோவன். 1982இல் இலண்டனில் நண்பர்களுடன் 'போக்ஸ்' இசைக்குழுவைத் தொடங்கி, அயர்லாந்து நாட்டுப்பாடலையும் இலண்டன் இளைஞரின் 'பங்க்' இசையையும் ஒன்றாக்கினார்.

நம்மவரான மாதங்கி அருள்பிரகாசம், 'எம்.ஐ.ஏ.' என்ற பெயரில் பாடுபவர். 1975இல் இலண்டனில் பிறந்தார். கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்தார். 1986இல் அகதியாக மீண்டும் இலண்டன் சென்றார். தாய் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். மாதங்கி 2005இல் வெளியிட்ட முதல் இசைத்தொகுப்புக்குத் தந்தையின் பெயர், 'அருளர்'. 2007இல் வந்ததற்குத் தாயின் பெயர், 'கலா'. அதில் ஆங்கிலப் பாட்டோடு நமது உறுமியும் முழங்குகிறது.

இவர்கள் அரைகுறைகள் அல்லர், இரண்டும் உடையவர்கள். தொலைபேசியில் பேரப்பிள்ளையின் தமிழ் தடுமாறினால் சிரிக்காதீர்கள். சிரித்தால் அடுத்தமுறை அது பேசாது. ஒரு தாலாட்டுப் பாடிக் காட்டுங்கள். மொழி மெல்ல வரும்.