கூட்டத்தோட போனா தூரம் தெரியாது!

செமஸ்டர் நெருங்கும் நேரத்தில் காஸ்டிங் கணக்கு போடாமல் இவன் ஏன் வாக்கிங் பற்றி எழுதுகிறான் என்று என் வகுப்பு நண்பர்கள் சிரிக்கலாம். சிரித்துக் கொள்ளுங்கள் :-) காரணம் எங்கள் அம்மா.

இரண்டு வருடம் முன்பு அம்மாவுக்கு சுகர் என்று தெரிந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், "தினமும் அரை மணி நேரம் நடங்கம்மா" என்றார். மாத்திரையை அம்மா ஒரு நாள் கூட விடவில்லை. நடை மட்டும் மூன்றாம் நாளே நின்று போனது. கேட்டால், "காலங்காத்தால இவ எங்கடா தனியா போறான்னு எல்லாரும் பாக்குறாங்க. நாய் வேற துரத்துது" என்றார்.

இதே அம்மாதான் வருடா வருடம் சித்திரையில் பெரம்பலூரிலிருந்து சமயபுரத்துக்கு நடந்தே போகிறார். சிறுவாச்சூர், பாடாலூர் தாண்டி நாற்பது கிலோமீட்டருக்கு மேல், அதுவும் செருப்பில்லாமல். "அது மட்டும் எப்படிம்மா?" என்றேன். "கூட்டத்தோட போனா தூரம் தெரியாதுடா" என்றார்.

நான் சொல்ல வந்ததும் இதுதான். நம் மக்களுக்கு நடக்கத் தெரியாமல் இல்லை. தனியாக நடப்பதில்தான் சிக்கல்.

2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி. அதாவது தினமும் அரை மணி, வாரம் ஐந்து நாள். ஜிம் வேண்டாம், விலை உயர்ந்த ஷூவும் வேண்டாம்.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2023 நவம்பர் 4ல் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் தொடங்கப்பட்டது. 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதை, மாதத்தின் முதல் ஞாயிறு நடை, வழியில் மருத்துவ முகாம். நல்ல திட்டம்தான். ஆனால் மாதம் ஒரு நாள் நடை விழிப்புணர்வுக்கு உதவும், சுகருக்குப் போதாது. 8 கிலோமீட்டர் பாதை ஊரில் எங்கோ ஓரிடத்தில் இருக்கும். எங்கள் தெரு அம்மாக்கள் அதிகாலையில் பஸ் ஏறிப் போயா நடப்பார்கள்?

காமர்ஸ் மாணவனாக எனக்குத் தோன்றுவது வேறு. மகளிர் சுய உதவிக் குழுக்களை எடுத்துக் கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 1989ல் தருமபுரியில் ஆரம்பித்தது. அடமானம் இல்லாமலே கடன் தருகிறார்கள், பெரும்பாலும் ஒழுங்காகத் திரும்பி வருகிறது. ஏன்? ஒருத்தி தவணை தவறினால் குழுவே கேட்கும். அந்த வெட்கம்தான் ஜாமீன்! நடைக்கும் இதே தத்துவம் பொருந்தாதா? நான் வரவில்லை என்றால் வாசலில் நான்கு பேர் நின்று கூப்பிடுவார்கள் என்ற ஒரே பயம் போதும், தூக்கம் தானாகக் கலையும். குழுக்கள் ஏற்கெனவே தெருத்தெருவாக இருக்கின்றன. நடையையும் அவர்கள் வேலைகளில் ஒன்றாகச் சேர்த்தால் என்ன?

இது நடக்காத காரியம் என்பவர்கள் பக்கத்து புதுக்கோட்டையைப் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக் கொண்டார்கள். ஒருத்தி தனியாக ஓட்டியிருந்தால் ஊர் கேலி செய்திருக்கும். ஊரே ஓட்டும்போது யார் யாரைக் கேலி செய்வது?

வெளிநாட்டிலும் இதே கதைதான். 2004 அக்டோபரில் லண்டன் புஷி பார்க்கில் 13 பேர் ஓடியதில் ஆரம்பித்தது 'பார்க்ரன்'. சனிக்கிழமை காலை, 5 கிலோமீட்டர், ஓடலாம், நடக்கலாம், கட்டணம் கிடையாது. நடத்துவது தன்னார்வலர்கள். இன்று பல நாடுகளில் நடக்கிறது.

ஒரு நியாயமான கேள்வி வரும்: எங்கே நடப்பது? நான் தினமும் பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு பஸ்ஸில் காலேஜ் போகிறேன். சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட்டும் ஏற்றிய லாரிகள் ஓடும் அந்த வழியில் நடக்கச் சொல்ல எனக்கே மனசு வராது. அதனால்தான் சொல்கிறேன், பள்ளி, கல்லூரி மைதானங்களின் கேட்டை காலையில் ஒன்றரை மணி நேரம் பொதுமக்களுக்குத் திறந்து விடுங்கள். என்.எஸ்.எஸ். மாணவர்கள் முறை போட்டுப் பார்த்துக் கொள்ளட்டும். இதற்கு பெரிய பட்ஜெட் வேண்டாம். ஒரு சாவியும் கொஞ்சம் மனசும் போதும்.

கடைசியாக எங்கள் தெரு நிலவரம். மூன்று மாதம் முன்பு எதிர்வீட்டு அத்தை, பக்கத்து வீட்டு அக்கா என்று நான்கு பேரைக் கெஞ்சிக் கூத்தாடி அம்மாவோடு அனுப்பி வைத்தேன். முதல் வாரம் இரண்டு பேர் ஓடிப் போனார்கள். இப்போது ஏழு பேர். சுகர் மாயமாக மறைந்து விடவில்லை, மாத்திரையும் தொடர்கிறது. ஆனால் அம்மா நடையை விடவில்லை. தெரு நாய்களும் பழகி விட்டன :-) யாரும் "எங்க தனியா?" என்று கேட்பதில்லை.

நண்பர்களே, உங்கள் அம்மாவிடமும் அப்பாவிடமும் "வாக்கிங் போங்க" என்று சொல்லி விட்டு செல்போனைப் பார்க்காதீர்கள். துணைக்கு ஆள் பிடித்துக் கொடுங்கள். யாரும் கிடைக்கவில்லையா? முதல் துணையாக நீங்களே போங்கள்.