மண் பேசும் கிளை

லம்பா லைனில் என் வீட்டு மேசை மீது மூன்று வாரமாக ஒரு கோப்பு கிடக்கிறது. சென்னையில் இருக்கும் ஒரு நண்பர் அனுப்பியது. ஓய்வு பெற்ற செராமிக் பொறியாளர். தன் தொழில் சங்கத்தின் தெற்குக் கிளை ஒன்றின் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறார். "தமிழ் எம்.ஏ. படிச்ச ஆள் நீங்கதானே, தமிழ்ல போட்டுக் கொடுங்க" என்று தொலைபேசியில் உத்தரவு.

தலைப்பிலேயே மாட்டிக்கொண்டேன். செராமிக்குக்குத் தமிழ் என்ன? மட்பாண்டம் என்றால் பானையும் சட்டியும்தான் கண்ணில் தெரிகின்றன. பீங்கான் என்றால் டீக் கோப்பை. அதுவே பாரசீகத்திலிருந்து வந்து நம்மிடம் தங்கிவிட்ட சொல். சுடுமண் என்றால் அய்யனார் கோவில் குதிரை. நண்பரின் சங்கமோ செங்கல், ஓடு, கழிப்பறைத் தொட்டி, மின்கம்பத்து இன்சுலேட்டர், எஃகு உலையின் உட்சுவர், கண்ணாடி எல்லாவற்றையும் தன்னுடையது என்கிறது. கடைசியில் 'செராமிக்' என்றே விட்டுவிட்டேன். கிரேக்க மொழியில் அதற்கு மூலமான சொல்லுக்குக் குயவரின் மண் என்றுதான் பொருள்.

ஆனால் நண்பரின் பக்கங்களில் அந்த மண்ணைக் காணோம். எந்த ஆண்டு யார் தலைவர், யார் செயலாளர், எந்த ஓட்டலில் ஆண்டுவிழா, யார் குத்துவிளக்கு ஏற்றினார் என்பதெல்லாம் இருக்கிறது. ஒரு தொழிற்சங்கக் கிளையின் வரலாறு இவ்வளவுதானா என்ற கேள்வி, மொழிபெயர்க்க மொழிபெயர்க்க வளர்ந்துகொண்டே போனது.

தாய்ச் சங்கத்தின் கதை சுவாரசியமானது. இந்திய செராமிக் சங்கம் 1928 ஏப்ரலில் காசியில், பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அங்கே பிறந்ததற்குக் காரணம் உண்டு. 1924லேயே அந்தப் பல்கலைக்கழகம் செராமிக் கல்வியைத் தொடங்கிவிட்டது. பானை செய்வது பட்டப்படிப்பா என்று சிரித்தவர்கள் அன்றைக்கு இருந்திருக்க வேண்டும். 1942 முதல் சங்கத்தின் ஆய்விதழ் வெளிவருகிறது. 1950ல் கல்கத்தா யாதவ்பூரில் மத்திய கண்ணாடி, செராமிக் ஆராய்ச்சி நிறுவனம் திறக்கப்பட்டது. சங்கத்தின் தலைமையகம் இன்று அந்த வளாகத்தில்தான் இருக்கிறது. தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம், குஜராத் என்று கிளைகள் பிரிந்தன.

கிளை எதற்கு? செராமிக் என்பது ஊருக்கு ஊர் மாறும் தொழில். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்குமுன் மேலே கிடக்கும் மண்ணை அகற்றுகிறார்கள். அதில் பீங்கானுக்கு உதவும் களிமண்ணும் உண்டு. சேலத்து வெள்ளைக்கல், எஃகு உலைகளுக்கான நெருப்புச் செங்கல்லாகிறது. விருத்தாசலத்தில் செராமிக் தொழிலும் அதற்கான கல்லூரியும் சேர்ந்தே இருக்கின்றன. ஒரு மண் காயும்போது எவ்வளவு சுருங்கும், எவ்வளவு மணல் கலந்தால் வெடிக்காது, எந்தச் சூட்டில் இறுகும் என்பதைக் காசியில் உட்கார்ந்து சொல்ல முடியாது. அந்த மண்ணோடு பழகியவர் சொல்ல வேண்டும், பக்கத்து ஊர்க்காரர் கேட்க வேண்டும். அதற்காகத்தான் கிளை.

இந்தத் தொழிலில் இப்படிக் கூடிப் பேசுவது பழைய வழக்கமல்ல. உலகம் முழுவதும் இது ரகசியங்களின் தொழிலாகவே இருந்தது. சீனப் பீங்கானின் சூட்சுமம் தெரியாமல் ஐரோப்பா பல நூற்றாண்டுகள் தவித்தது. சாக்சனியின் ஆட்சியாளர் அகஸ்டஸ், போட்கர் என்ற இளைஞரைக் காவலில் வைத்து அதைக் கண்டுபிடிக்கச் செய்தார். 1710ல் மைசனில் தொழிற்சாலை தொடங்கியது, அதுவும் ஒரு கோட்டைக்குள். சீனாவில் இருந்த தாந்த்ரகோல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார், ஜிங்டெஜென் நகரத்தின் செய்முறையை 1712லும் 1722லும் கடிதங்களில் விரிவாக எழுதி ஊருக்கு அனுப்பினார். இருபதாம் நூற்றாண்டிலும் கதை மாறவில்லை. தொலைநோக்கி, நுண்ணோக்கிகளுக்கான ஒளியியல் கண்ணாடியின் செய்முறையைச் சில நாடுகள் பொத்திப் பொத்தி வைத்திருந்தன. ஆத்மா ராம் தலைமையில் கல்கத்தா நிறுவனம் அதை நம் நாட்டிலேயே செய்து காட்ட வேண்டியிருந்தது.

இப்போது எங்கள் தீவுகளுக்கு வருகிறேன். லம்பா லைனிலிருந்து பஸ் ஏறிப் போகும் தூரத்தில் சௌல்தாரி என்ற ஊர் இருக்கிறது. அந்தமான் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகத் தின்று எறிந்த சிப்பிகள் அங்கே மேடாகக் குவிந்திருந்தன. அகழ்ந்து பார்த்த ஆய்வாளர்களுக்குப் பானை ஓடுகளும் கிடைத்தன. மேட்டின் வயது சுமார் 2,200 ஆண்டுகள். அப்படிப் பானை செய்த மக்கள், 1858ல் ஆங்கிலேயர் இங்கே தண்டனைக் குடியேற்றம் அமைத்த பிறகு, இரும்புப் பாத்திரங்கள் கைக்கு வந்ததும் மெல்ல மெல்லப் பானையை விட்டுவிட்டார்கள்.

நிக்கோபாரில் கதை வேறு. அந்தத் தீவுக் கூட்டத்தில் சௌரா என்று ஒன்று. பரப்பு சுமார் 8 சதுர கிலோமீட்டர்தான். 2011 கணக்கெடுப்பில் மக்கள் தொகை ஏறக்குறைய 1,270. பானை செய்யும் உரிமை இந்தத் தீவுக்கு மட்டுமே உரியது என்பது நிக்கோபாரிகளின் மரபு. வேறெங்கும் செய்தால் சாவு வரும் என்ற நம்பிக்கை இருந்தது. வேடிக்கை என்னவென்றால், சௌராவில் அதற்கான மண் கிடையாது. பக்கத்துத் தீவான தெரசாவிலிருந்து படகில் கொண்டுவர வேண்டும். மண்ணுள்ள ஊர்க்காரர்கள் பானை செய்யவில்லை, மண்ணில்லாத ஊர்க்காரர்கள் செய்தார்கள்.

செய்தவர்கள் பெண்கள். சக்கரம் கிடையாது. மண்ணைத் திரித்துச் சுற்றிச் சுற்றி அடுக்கி, கையால் இழைத்து உருவாக்குவார்கள். திறந்த வெளியில் சுட்டெடுத்து, சூடு ஆறுமுன் பச்சைத் தேங்காய் மட்டைத் துண்டுகளை மேலே பதிப்பார்கள். அந்தச் சாறு பட்ட இடமெல்லாம் நிறம் மாறிக் கோடுகளாக நிற்கும். கார் நிக்கோபாரிலிருந்து ஆண்கள் கடல் கடந்து வந்து இந்தப் பானைகளை வாங்கிப் போனார்கள். இவ்வளவும் நமக்குத் தெரிவதற்கு முக்கியக் காரணம், இந்தத் தீவுகளில் அதிகாரியாக இருந்த இ. எச். மேன் என்ற ஆங்கிலேயர். நிக்கோபார் பானைத் தொழில் பற்றி 1894ல் அவர் லண்டன் மானிடவியல் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்.

சௌரா பெண்களிடம் இருந்ததும் ஒரு தொழில் சங்கம்தான் என்று எனக்குப் படுகிறது. யார் செய்யலாம், எங்கே செய்யலாம் என்பதற்கு விதி இருந்தது. மூத்தவளிடமிருந்து இளையவள் கற்க முறை இருந்தது. மீறினால் தண்டனையும் இருந்தது. பதிவேடு மட்டும் இல்லை.

"ரகசியத்தை எழுதி வைத்தால் அவர்கள் பிழைப்பு போகாதா?" என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நெருக்கமாக மக்கள் வாழும் அந்தச் சின்னத் தீவு, பானையைக் கொடுத்துத்தான் தனக்கு வேண்டியதைப் பிற தீவுகளிலிருந்து வாங்கிக்கொண்டது. மண் இல்லாத ஊருக்கு அந்த விதிதான் சோறு போட்டது. அதை மூடநம்பிக்கை என்று கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த ஏகபோகத்தை உடைத்தவர் எந்தத் திருடரும் இல்லை. கடையில் தொங்கிய அலுமினியப் பாத்திரம் உடைத்தது. அது யாரிடமும் செய்முறை கேட்கவில்லை. வாங்குவோர் குறைந்தார்கள், வனைவோரும் குறைந்தார்கள். பிறகு 2004 டிசம்பர் 26. சுனாமிக்குப் பின் சௌரா மக்களைத் தெரசா தீவுக்குக் கொண்டுபோய் முகாம்களில் வைத்தார்கள். எந்தத் தீவிலிருந்து மண் எடுத்து வந்தார்களோ அதே தீவில் அகதிகளாக இருந்துவிட்டுத் திரும்பினார்கள். விதியும் நம்பிக்கையும் காத்த கல்வியை இனி அவற்றால் மட்டும் காக்க முடியாது.

நான் சௌராவுக்குப் போய்ப் பார்த்து எழுதியிருக்கலாமே என்று தோன்றும். 1956ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு விதிகளின்படி வெளியார் அனுமதியின்றி அங்கே போக முடியாது. அந்த விதி இருக்க வேண்டியதுதான். ஆகவே இந்த வேலையைச் செய்ய வேண்டியவர்கள், அந்த மக்கள் விரும்பினால், அவர்களோடு சேர்ந்து முறையாகச் செய்யக்கூடியவர்கள். மண்ணைச் சோதித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள், சூளையின் சூட்டை அளக்கத் தெரிந்தவர்கள். என் நண்பரைப் போன்றவர்கள்.

தமிழ்நாட்டில் அனுமதிச் சீட்டுகூட வேண்டாம். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கச்சேரி மேடையில் ஒலிக்கும் மானாமதுரைக் கடத்துக்கான மண் கலவையும், சுவரைத் தட்டித் தட்டிச் சீராக்கும் பக்குவமும் விரல் விட்டு எண்ணக்கூடிய கைகளில் இருக்கின்றன. கிளைச் சங்கம் ஒன்று தன் ஆண்டுவிழாவை ஒருமுறை ஓட்டலுக்குப் பதில் மானாமதுரையில் நடத்தினால் என்ன? வேளார் வீட்டு அம்மா ஒருவர் பேச, பேராசிரியர்கள் குறிப்பெடுக்கலாம். எந்த அளவுக்குச் சொல்வது, எதைத் தன்னிடமே வைத்துக்கொள்வது என்பதை அந்த அம்மாவே தீர்மானிக்கட்டும். சொன்னதற்கு அவர் பெயர் ஆய்விதழில் வரட்டும். சங்க இலக்கியம் குயவரை 'வேட்கோ' என்றது. அதில் வரும் 'கோ' அரசனுக்கும் உரிய சொல். நாம் உறுப்பினர் அட்டை கொடுக்கவே யோசிக்கிறோம்.

மொழிபெயர்ப்பை முடித்து நேற்று அனுப்பிவிட்டேன். கூடவே ஒரு குறிப்பு: உங்கள் கிளையின் பகுதியில் என்னென்ன மண் உண்டு, அதை வனைந்தவர்கள் யார் என்று முதல் அத்தியாயம் ஒன்றைச் சேருங்கள், தலைவர்கள் பட்டியல் இரண்டாம் அத்தியாயமாக இருக்கட்டும். ராத்திரி நண்பர் கூப்பிட்டார். கொஞ்சம் கோபம்தான். "இந்த வயசுல என்னை மறுபடியும் ஊர் ஊராப் போகச் சொல்றீங்களா?" என்றார். பிறகு சற்று நேரம் பேச்சில்லை. வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

"மானாமதுரைக்கு மதுரையிலேர்ந்து பஸ் எவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.