அன்னைக்கு ஒரு மின் கேத்தில்

தேநீர் நம்மவர் இல்லங்களில் ஒரு பானம் மாத்திரமன்று. வந்தாரை வரவேற்கும் முதற் சொல்லும் அதுவே. அத்தேநீருக்கு நீர் கொதிக்கவைக்கும் கேத்திலைப் பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று வாசக அன்பர்கள் எண்ணக்கூடும். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தினால் எமக்கு நேர்ந்த தவற்றையே இவ்வாரம் எழுதப் புகுந்தோம்.

வடமராட்சியிலே எமது அன்னையார் தனியே வசிக்கிறார். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, விறகடுப்பை மூட்டி, தேநீர் ஒரு கோப்பை அருந்துவது அவர் வழக்கம். கண் மங்கி வருங் காலத்தில் நெருப்போடு பழகுதல் தகாதெனக் கருதி, கொழும்பிலிருந்து செல்லும்போது மின் கேத்தில் ஒன்றை வாங்கிச் சென்றோம். கண்ணாடியாலான அழகிய கேத்தில், 1.7 இலீற்றர் நீர் கொள்ளும். 2200 உவாற்று வலு. கடைக்காரர் புகழ்ந்தார், விலையும் மலிவு, நாம் வேறொன்றும் வினவினோமல்லேம்.

அடுத்த விடுமுறையில் வீடு சென்றபொழுது கேத்தில் அலுமாரிக்குள் இருந்தது; அடுப்பில் விறகு எரிந்துகொண்டிருந்தது; குசினிச் சுவரிலே செருகியைப் பொருத்தும் குதை கறுத்துக் கிடந்தது. துருவிக் கேட்டபின்னரே உண்மை வெளிப்பட்டது. மூன்றாம் நாளே எரிந்த மணம் எழுந்ததாம். அன்னையார் இருட்டிலே தட்டித் தடவிச் சென்று பிரதான ஆளியை நிறுத்தினாராம். ஏன் எமக்கு அறிவிக்கவில்லை என்றோம். “நீ அங்கையிருந்து கவலைப்படுவாய், தம்பி. அதோடை, உந்தப் பாரத்தை என்னாலை தூக்கவும் ஏலாது” என்றார். வகுப்பறையிலே ஓமின் விதியைக் கற்பிக்கும் எமக்கு அன்று தலை குனிந்தது.

தவறு யாதெனில், கூறுதும். உவாற்றை உவோற்றினால் வகுத்தால் அம்பியர் கிடைக்கும். நமது நாட்டில் வீட்டு மின்னின் அழுத்தம் 230 உவோற்று. 2200ஐ 230ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஒன்பதரை அம்பியர். அன்னையார் வீட்டுக் குதையோ 5 அம்பியருக்கென அமைந்த பழைய வட்டத் துளைக் குதை. அதிலே இணைப்பி ஒன்றை இடையே செருகி, தாங்கக்கூடியதைப்போல் இருமடங்கு மின்னோட்டத்தை நாம் சுமத்திவிட்டோம். 5 அம்பியர்க் குதை 1150 உவாற்றுக்கு மேல் தாங்காது. ஆதலின் கேத்தில் வாங்கச் செல்லுமுன் கடையைப் பார்ப்பதிலும் முதற்கண் சுவரைப் பார்த்தல் வேண்டும். புவித்தொடுப்புடன் கூடிய 13 அம்பியர்க் குதையும் அதற்கேற்ற கம்பியும் இல்லையேல், தேர்ச்சிபெற்ற மின்வினைஞரை அழைத்து அவற்றை அமைப்பித்தலே முதல் வேலை.

இரண்டு முனை மாத்திரம் உள்ள செருகியோடு வருங் கேத்திலைத் தவிர்த்தல் நன்று. பேனா முனையால் குதையின் மேல் துளையைக் குத்தித் திறந்து அத்தகைய செருகியை நுழைக்கும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. மூன்றாவது முனை அலங்காரத்துக்காக வைக்கப்பட்டதன்று. உலோகப் பாத்திரத்தில் மின் கசியுமாயின், அதனை நம் உடலின் வழியே செல்லவிடாது நிலத்துக்குக் கொண்டுசெல்லும் காவலன் அதுவே.

இனி, வலுவைப் பற்றிய ஒரு மயக்கம். உவாற்று மிகுந்த கேத்தில் மின் கட்டணத்தையும் மிகுவிக்கும் என்பர் பலர். அஃது உண்மையன்று. ஒரு இலீற்றர் நீரை 28 பாகையிலிருந்து 100 பாகைக்கு உயர்த்த ஏறத்தாழ 300 கிலோயூல் வெப்பம் வேண்டும். 2000 உவாற்றுக் கேத்தில் அதனை இரண்டரை நிமிடத்தில் வழங்கும். 1000 உவாற்றுக் கேத்தில் ஐந்து நிமிடத்தில் வழங்கும். வீணாகும் சிறிது வெப்பத்தை விட்டால், செலவு இரண்டிலும் ஒன்றே. மின்மானியில் ஓர் அலகின் பன்னிரண்டில் ஒரு பங்களவு. உண்மையான விரயம் வேறிடத்தில் உள்ளது. இரண்டு கோப்பைத் தேநீருக்கு 1.7 இலீற்றர் நீரைக் கொதிக்கவைத்தால், வேண்டியதைப்போல் நான்கு மடங்கு மின்னைச் செலவிட்டவராவோம். ஆகவே சிக்கனம் விரும்புவோர் பார்க்கவேண்டியது கேத்திலின் கொள்ளளவையும், அதில் ஆகக் குறைந்தது எவ்வளவு நீர் ஊற்றலாம் என்னும் கோட்டையுமே.

நீர் கொதித்ததும் தானே நின்றுவிடும் அமைப்பு இன்றியமையாதது. 1955இல் இங்கிலாந்தில் இரசல், ஹொப்ஸ் என்னும் இருவரின் நிறுவனம் இவ்வகைக் கேத்திலை வெளியிட்டது. எழும் ஆவி ஒரு வழியாகச் சென்று ஈருலோகச் சட்டத்தைச் சூடாக்க, அது வளைந்து ஆளியைத் தள்ளிவிடும்; தத்துவம் இவ்வளவே. மூடியைத் திறந்துவைத்தால் ஆவி அவ்வழியே செல்லாது வெளியேறும். கேத்திலும் ஓயாது கொதிக்கும். நீரின்றிச் சூடேறினால் நிறுத்தும் இரண்டாவது காப்பும் உண்டா எனக் கேட்டு வாங்குதல் வேண்டும். இக்கேத்திலில் பாலைக் காய்ச்சுதல் ஆகாது. அடியிற் பிடிக்கும், பொங்கியும் வழியும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டு அன்பர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. நம் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் ஊறிய வன்னீரைத் தருவன. கொதிக்கும்போது நீரிற் கரைந்துள்ள கல்சியம் இருகாபனேற்று, காபனேற்றாக மாறி அடியில் வெண்படையாய்ப் படியும். படை தடித்தால் வெப்பம் நீருக்குச் செல்லத் தாமதமாகும். கேத்திலின் ஆயுளும் குறையும். ஆதலின் வெப்பச் சுருள் வெளியே தெரியாத, தட்டையான அடியும் அகன்ற வாயும் உள்ள துருவேறா உருக்குக் கேத்திலே உகந்தது. வினாகிரியும் நீரும் சம அளவிற் கலந்து சூடாக்கி, அரை மணி நேரம் விட்டுக் கழுவினால் படை கரையும். கத்தியாற் சுரண்டுதல் கூடாது. மற்றொன்று: கொதித்தல் கிருமிகளைக் கொல்லும், உப்பையோ நைத்திரேற்றையோ நீக்காது. கொதித்தாறிய நீர் யாவும் தூய நீர் என மயங்கற்க.

கடைசியாக, அன்னையார் எமக்குக் கற்பித்த பாடம். கேத்திலை வாங்குபவர் வேறு, தூக்குபவர் வேறு. 1.7 இலீற்றர் நீரின் நிறை 1.7 கிலோகிராம்; பாத்திரத்தின் நிறையும் சேர்ந்தால் முதியவரின் கை நடுங்காதோ? கைபிடி அகலமானதா, மூடி எளிதில் திறக்குமா, வெளிப்புறம் சுடுமா என்பவற்றை, அதனை நாள்தோறும் பாவிக்கப் போகிறவரின் கையாலேயே சோதிப்பித்தல் நன்று. குழந்தைகள் உள்ள வீட்டில் கம்பி மேசை விளிம்பிலே தொங்கலாகாது.

மின்வினைஞர் வந்து சென்றபின், இம்முறை அன்னையாரையும் கடைக்கு அழைத்துச் சென்றோம். வெறுங் கேத்திலைத் தூக்கிப் பார்த்தவர், தண்ணீர் நிரப்பித் தரும்படி கடைப் பையனைக் கேட்டு, மீண்டும் தூக்கிப் பார்த்தார். ஒரு இலீற்றர் கொள்ளும், 1500 உவாற்று வலுவுள்ள, அழகில்லாத உருக்குக் கேத்தில் ஒன்றையே தெரிந்தெடுத்தார். சென்ற வாரம் தொலைபேசியில், “சாமிப் படத்துக்கு விளக்கு வைக்கிறதுக்குள்ளை தண்ணி கொதிச்சிடுது, தம்பி” என்றார்.

அப்பெரிய கண்ணாடிக் கேத்தில் இன்னும் அலுமாரியிலேயே இருக்கிறது. அதனை அங்கிருந்து அகற்றவேண்டாம் என்று சொல்லியுள்ளோம்.