கிளவுஸ் மாட்டச் சொல்லிட்டா கடமை முடிஞ்சுதா? கட்டிங் மெஷினும் விரல்களும்: ஒரு நீள்பதிவு

1/
திருப்பூர்ல ஒரு கட்டிங் மாஸ்டருக்கு விரல் போனா முதல்ல வர்ற கேள்வி: "கிளவுஸ் போட்டிருந்தியா?"
சூப்பர்வைசர் கேட்பார், முதலாளி கேட்பார், ஆடிட்டுக்கு வர்றவர் கேட்பார். சில டாக்டர்களும் கேட்பாங்க.
"அந்த மெஷின்ல பிளேடை மறைக்கிற கார்டு எந்த நிலையில இருந்துச்சு?" இதை யாருமே கேட்கிறதில்ல. இந்தப் பதிவு அந்தக் கேள்வியைப் பத்தினது. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
பனியன் கம்பெனி பக்கமே போகாதவங்களுக்காக: துணியை நீளமான டேபிள்ல அடுக்கடுக்கா விரிச்சு, மேல மார்க்கர் பேப்பர் போட்டு, அந்தக் கோட்டு வழியா மொத்த அடுக்கையும் ஒரே நேரத்தில வெட்டுவாங்க. வெட்டுறது கையால தள்ளுற மின்சார மெஷின். கீழே சின்ன உருளைகள் வச்ச தட்டு, மேல மோட்டார், நடுவுல செங்குத்தா ஒரு கத்தி. நிமிடத்துக்குச் சுமார் 3,000 முறை மேலும் கீழும் போய் வரும்.

3/
இது இன்னைக்கு நேத்து வந்த மெஷின் இல்ல. மின்சாரத் துணி வெட்டும் இயந்திரத்தை அமெரிக்காவின் பஃபலோ நகரத்து ஈஸ்ட்மேன் நிறுவனம் கொண்டு வந்தது 1888ல. 130 வருஷத்துக்கு மேல ஆச்சு. மோட்டார் மேம்பட்டிருக்கு, பிளேடு மேம்பட்டிருக்கு, மெஷினே தன் கத்தியைத் தானே தீட்டிக்கிற வசதிகூட வந்திருக்கு.
கத்தியைக் கூர்மையாக்க யோசிச்ச அளவுக்கு, அந்தக் கத்திகிட்ட இருந்து விரலைக் காப்பாத்த யோசிச்சிருக்கோமா?

4/
"கார்டு இருக்கே டாக்டர்" என்பீர்கள். இருக்கு. கத்திக்கு முன்னால இறங்குற ஒரு பாதம். துணி அடுக்கின் மேல்மட்டம் வரைக்கும் அதை இறக்கி வச்சா, கத்தியோட பெரும்பகுதி மறைஞ்சிடும்.
ஆனா அதை இறக்க வேண்டியது மனுஷன். தூக்கி வச்சா தூக்கின இடத்துலயே நிக்கும். 6 அங்குல அடுக்குக்குத் தூக்கினவர் அடுத்து 2 அங்குல அடுக்குக்கு வரும்போது இறக்க மறந்தா, 4 அங்குலக் கத்தி திறந்தே ஓடும். மெஷின் ஒரு வார்த்தை சொல்லாது.

5/
உங்க ஸ்கூட்டரை யோசிச்சுப் பாருங்க. இப்ப வர்ற பல வண்டிகள்ல சைடு ஸ்டாண்டு போட்டிருந்தா ஸ்டார்ட்டே ஆகாது. லிஃப்ட் கதவு மூடலைன்னா லிஃப்ட் நகராது. "கவனமா இருங்க" என்று போர்டு எழுதி வச்சதோட அங்கே யாரும் நிறுத்திக்கல. மனுஷன் மறப்பான் என்று தெரிஞ்சு, மறந்தாலும் உயிர் போகாத மாதிரி செஞ்சாங்க.
கட்டிங் மாஸ்டரோட விரலுக்கு மட்டும் ஏன் போர்டு போதும்?

6/
இன்னும் பக்கத்து உதாரணம் வேணுமா? தச்சர் கையில பிடிக்கிற வட்டரம்பம். அதோட கீழ்ப்பக்கக் கார்டுல ஸ்பிரிங் இருக்கும். மரத்துக்குள்ள போகும்போது தானா விலகும், மரத்தை விட்டு வெளியே வந்ததும் தானா மூடிக்கும். சும்மா இருக்கும்போது மூடி இருக்கிறதுதான் அதோட இயல்பு.
நம்ம கட்டிங் மெஷினோட இயல்பு தலைகீழ். மூடணும்னா நீங்க மெனக்கெடணும். திறந்து கிடக்க யாரும் எதுவும் செய்ய வேண்டாம்.

7/
"கவனம் இல்லாதவனுக்குத்தான் அடிபடும்." இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. உடலியல் என்ன சொல்லுது பாருங்க.
விரல்ல கத்தி பட்ட உணர்வு நரம்பு வழியா மேல போய், மூளை புரிஞ்சுக்கிட்டு, கையை இழுக்கச் சுமார் கால் நொடி ஆகும். நிமிடத்துக்கு 3,000 என்றால் நொடிக்கு 50. அந்தக் கால் நொடியில கத்தி 12 முறை போய் வந்திருக்கும். முதல் சில வெட்டுலயே தோல், தசைநாண், நரம்பு எல்லாம் முடிஞ்சது. உலகத்துலயே கவனமான ஆளா இருந்தாலும் இந்த வேகத்தை ஜெயிக்க முடியாது.

8/
அடுத்து, கை ஏன் அவ்வளவு பக்கத்துல போகுது? பின்னலாடைத் துணியோட குணம் அது. நெய்த துணி மாதிரி விறைப்பா நிக்காது. இழுத்தா நீளும், சிங்கிள் ஜெர்சி என்றால் ஓரம் சுருண்டுக்கும், அடுக்கு நழுவும். அதனால வலது கை மெஷினைத் தள்ளும்போது, இடது கை கத்திக்குப் பக்கத்திலேயே துணியை அழுத்திப் பிடிக்குது. கழுத்து வளைவு, கைக்குழி வளைவு வரும்போது இன்னும் நெருங்கும்.
இது அவசரமோ அலட்சியமோ இல்லீங்க. வேலையே அப்படித்தான் அமைஞ்சிருக்கு.

9/
கார்டை ஏன் தூக்கி வைக்கிறாங்க? கட்டிங் மாஸ்டர்களையே கேளுங்க. "கோடு தெரியல", "வளைவுல இடிக்குது", "அடுக்குக்கு அடுக்கு மாத்திட்டே இருந்தா வேலை ஓடாது".
மூணுமே நியாயமான பதில். மூணுமே டிசைனில் உள்ள குறை. வேலை செய்ய விடாத கார்டை எந்தத் தொழிலாளியும் பயன்படுத்த மாட்டார். அவரைத் திட்டிப் பயனில்லை, கார்டை மாத்தணும். அதுலயும் பீஸ் ரேட்டுல, ஷிப்மென்ட் நெருக்கடியில, ஒன்றரை ஷிப்ட் ஓட்டுறவர்கிட்ட போய் "நிதானமா செய்" என்று சொல்றது கேலி மாதிரி இருக்கு.

10/
இனி கிளவுஸுக்கு வருவோம். ஸ்டீல் வளையம் கோத்த வலைக் கையுறை. போடாதீங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். கட்டாயம் போடுங்க. பல விரல்களைக் காப்பாத்துது.
ஆனா அதோட எல்லை தெரியணும். இந்த வகைக் கையுறைக்கு இருக்கிற சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 13999. அதோட தலைப்பே கையால் பிடிக்கும் கத்தியின் வெட்டு, குத்துகளிலிருந்து பாதுகாப்பு என்றுதான் சொல்லுது. இறைச்சிக்கடைக் கத்தியை மனசுல வச்சு எழுதின தரம். நொடிக்கு 50 தடவை அடிக்கிற மோட்டார் கத்திக்கு எதிரா அதை மட்டுமே நம்பி நிக்கிறோம்.

11/
தொழில் பாதுகாப்புப் பாடத்துல ஒரு வரிசை உண்டு. முதல்ல ஆபத்தையே நீக்கு. முடியலைன்னா ஆபத்து குறைஞ்ச முறைக்கு மாத்து. அடுத்து இயந்திரத்துல தடுப்பு வை. அடுத்து பயிற்சி, விதிமுறை. கடைசியாத்தான் கையுறை, கண்ணாடி, ஹெல்மெட்.
நாம ஏணியோட கடைசிப் படியில மட்டும் நின்னுட்டு மாடி ஏறிட்டோம்னு சொல்லிக்கிறோம்.

12/
ஏன் அப்படி? ஏன்னா கிளவுஸ் போட்டோவுல தெரியும். ஆடிட் அன்னைக்கு எல்லார் கையிலயும் பளபளன்னு மின்னும். பயிற்சிப் பதிவேட்டுல கையெழுத்து இருக்கும். செக்லிஸ்டுல டிக் விழும்.
"இந்தக் கார்டு தானா இறங்குமா? கையை எடுத்தா மெஷின் நிக்குமா?" செக்லிஸ்டுல இந்த வரிகள் வர்ற அன்னைக்குத்தான் ஆடிட்டை நான் நம்புவேன்.

13/
சரி, குறை சொன்னா போதுமா? என்ன வேணும்னு பட்டியல் போடுறேன். இதில் எதுவும் ராக்கெட் விஞ்ஞானம் கிடையாது.

அ) தானா இறங்குற கார்டு. துணி அடுக்கு மேல சின்ன உருளையோட தவழ்ந்து வரணும். அடுக்கு உயர்ந்தா உயரணும், அடுக்கு முடிஞ்சா அடித்தட்டு வரைக்கும் இறங்கிடணும்.
ஆ) கோடு தெரியுற கார்டு. மெல்லிய கம்பி வளைவாகவோ, மாத்திக்கக்கூடிய கண்ணாடி போன்ற பாலிகார்பனேட்டாகவோ. முன்பக்கம் மட்டும் இல்லாம பக்கவாட்டுலயும் விரலைத் தடுக்கணும்.

14/
இ) பிடிச்சிருந்தா மட்டுமே ஓடுற சுவிட்ச். கை எடுத்தா நிக்கணும். ஒரு தட்டுத் தட்டிவிட்டா ஓடிட்டே இருக்கிற சுவிட்ச் இந்த மெஷினுக்கு ஆகாது.
ஈ) பிரேக். சுவிட்சை அணைச்ச பிறகும் சுத்துன வேகத்துல கத்தி கொஞ்ச நேரம் ஓடும். "ஆஃப் பண்ணிட்டேன்"னு நினைச்சுத் துணுக்கை எடுக்கப் போற கை அங்கே மாட்டும்.
உ) இடது கைக்கு வேலை கொடுக்காத ஏற்பாடு. அடுக்கை டேபிளோட கவ்விப் பிடிக்கிற கிளாம்ப், கைப்பிடி வச்ச அழுத்துக்கட்டை. விரல் இருக்க வேண்டிய இடத்துல கட்டை இருக்கட்டும். இது பக்கத்துப் பட்டறையிலேயே செய்யக்கூடியது.

15/
"இதெல்லாம் நடக்கிற காரியமா?" நடந்திருக்கு. அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்பவர் உருவாக்கிய சாஸ்டாப் மேசை ரம்பம், மனிதத் தோல் பட்டதை மின்சாரக் கடத்தல் மூலமா உணர்ந்து 5 மில்லி நொடிக்குள்ள ரம்பத்தை நிறுத்திடும். விரலுக்குப் பதிலா ஹாட் டாக் என்கிற இறைச்சிக் குழலை ரம்பத்துல தள்ளிக் காட்டுற அந்த வீடியோவை நீங்களே பார்த்திருப்பீங்க. அதில் விழுறது லேசான கீறல்தான்.
அதே சாதனத்தை அப்படியே கட்டிங் மெஷின்ல ஒட்ட முடியாது. ஆனா "முடியாது" என்ற வார்த்தையைச் சொல்றவங்க, முயற்சி பண்ணிட்டுச் சொல்லணும்.

16/
சட்டம் என்ன சொல்லிச்சு? 2025 வரை அமலில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 21வது பிரிவு: இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்கு உறுதியான தடுப்பு வேணும், அது ஓடும்போது தடுப்பு அதன் இடத்துல இருக்கணும்.
போபாலுக்குப் பிறகு 1987 திருத்தத்தில் 7-பி என்று ஒரு பிரிவு சேர்ந்தது. தொழிற்சாலைக்கான பொருளை வடிவமைக்கிறவர், தயாரிக்கிறவர், இறக்குமதி செய்றவர், விற்கிறவர், எல்லாருக்கும் அது பாதுகாப்பா இருப்பதை நடைமுறையில் முடிந்தவரை உறுதி செய்ற கடமை உண்டு என்றது.
பொறுப்பு மெஷினை உருவாக்கினவர்கிட்டேயே ஆரம்பிக்குதுன்னு சட்டமே ஒப்புக்கிட்ட விஷயம் இது. நாம இன்னும் மாஸ்டரோட கையைப் பார்த்துட்டு இருக்கோம்.

17/
ஆனா சட்டத்துல ஓட்டையும் உண்டு. 1948 சட்டப்படி மின்சாரம் பயன்படுத்துற இடத்துல 10 பேர் இருந்தா ஃபேக்டரி. 2020ல நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 20 ஆக்கிடுச்சு.
அனுப்பர்பாளையம், வேலம்பாளையம், மங்கலம் ரோடு பக்கம் ஜாப் ஒர்க் எடுக்கிற சின்ன யூனிட்கள்ல எத்தனை பேர் இருப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். 6 பேர் இருக்கிற யூனிட்டுல கத்தி மட்டும் மெதுவாவா ஓடுது?

18/
ஒரு விரலோட விலை தெரியுமா? 2025 வரை அமலில் இருந்த 1923 ஊழியர் இழப்பீட்டுச் சட்ட அட்டவணைப்படி, கட்டை விரல் போனா சம்பாதிக்கும் திறன் இழப்பு 30%. ஆட்காட்டி விரல் முழுசும் போனா 14%. எலும்பு போகாம நுனி மட்டும் போனா 5%.
30 வயசுக்காரர், மாதக் கூலி 15,000 ரூபாய் என்று வச்சுக்குங்க. கூலியில் 60%, அதை வயதுக்கான 207.98 ஆல் பெருக்கி, அதில் 14%. வர்றது சுமார் 2,62,000 ரூபாய்.
ஆயுசுக்கும் ஒரு ஆட்காட்டி விரல். அவ்வளவுதான்.

19/
இந்தக் கணக்குல சேராததைச் சொல்றேன். தசைநாண் அறுந்து தைச்சா சுமார் 6 வாரம் கட்டு, முழு பலத்தோட வேலை செய்ய 3 மாசம். நரம்பு ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் வளரும். மரத்துப்போன விரல் நுனியால துணியோட வழுவழுப்பையும் அடுக்கோட கனத்தையும் உணர முடியாது. கட்டை விரல் போனா கையோட செயல்பாட்டுல சுமார் 40% போயிடும் என்பது கை அறுவை சிகிச்சையில வழக்கமாச் சொல்ற கணக்கு. சட்டம் 30 என்கிறது.
கட்டிங் மாஸ்டராப் போனவர் செக்கிங்குக்கோ பேக்கிங்குக்கோ குறைஞ்ச கூலிக்குத் திரும்புவார். அந்த வித்தியாசத்தை வீடு சுமக்கும்.

20/
ஒரு மருத்துவரா இதைக் கண்டிப்பா சொல்லணும். "வீட்டுல காய் நறுக்கும்போது வெட்டிடுச்சுன்னு எழுதிடுங்க" என்று கூட வந்தவர் சொல்ற கதை எங்க தொழில்ல புதுசில்ல.
தொழிலாளத் தோழர்களே, அந்த ஒரு வரியில உங்க இழப்பீடே போயிடலாம். "வேலை செய்ற இடத்துல, கட்டிங் மெஷின்ல, இத்தனை மணிக்கு" என்று விபத்துப் பதிவேட்டுல எழுதச் சொல்லுங்க. ஈஎஸ்ஐ இருந்தா, வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு எத்தனை மாசம் பணம் கட்டினீங்க என்று பார்க்க மாட்டாங்க. சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு.

21/
விரல் துண்டானா என்ன செய்யணும்? சேமிச்சு வச்சுக்குங்க.
• சுத்தமான துணியால அழுத்திப் பிடிச்சு, கையை உயர்த்துங்க. காபித்தூள், மஞ்சள் வேண்டாம். ரப்பர் பேண்ட், கயிறு போட்டு இறுக்க வேண்டாம்.
• துண்டான விரலைச் சலைன்லயோ சுத்தமான தண்ணியிலயோ நனைச்சுப் பிழிஞ்ச துணியில சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கட்டுங்க. அந்தக் கவரை ஐஸும் தண்ணியும் கலந்த இன்னொரு கவர்ல வைங்க. விரல்மேல ஐஸ் நேரடியா படக்கூடாது. ஃப்ரீசர் கூடவே கூடாது.
• 108. நுண்ணிய ரத்தக்குழாய் தைக்கிற வசதி உள்ள இடத்துக்குப் போகணும். கோவையில் கங்கா மருத்துவமனை, சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை கை அறுவை சிகிச்சைக்குப் பேர் பெற்றவை.
• பீடி, சிகரெட் வேண்டாம். ரத்தக்குழாய் சுருங்கிடும்.

22/
"பெரிய கம்பெனியில கம்ப்யூட்டர் கட்டர் வந்தாச்சு டாக்டர், இந்தப் பிரச்சினை தானா தீரும்." வந்திருக்கு, சந்தோஷம். ஆனா அந்த மெஷின் வாங்குற வசதி சின்ன யூனிட்டுக்குக் கிடையாது. பழைய மெஷின்கள் குப்பைக்குப் போகாது, கைமாறி ஜாப் ஒர்க் ஷெட்டுக்குத்தான் போகும். ஆபத்து பெரிய கேட்டைத் தாண்டிச் சின்ன கேட்டுக்குள்ள நுழையும். அவ்வளவுதான் மாற்றம்.

23/
ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல ஏற்றுமதி பண்ற ஊர் இது. நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரி இங்கேயே இருக்கு. பக்கத்துல கோவையில சிட்ரா இருக்கு, பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரி இருக்கு, பம்பும் மோட்டாரும் செஞ்சு உலகத்துக்கே அனுப்புற பட்டறைகள் இருக்கு. ஒரு ஸ்பிரிங் கார்டும் ஒரு பிரேக்கும் செய்ய இந்த மண்ணுக்குத் திறமை இல்லைன்னு யாராச்சும் சொன்னா நான் நம்ப மாட்டேன். கேட்கிறவங்கதான் இல்ல.

24/
அதனால கேட்போம்.
ஏற்றுமதியாளர் சங்கத்துக்கு: பழைய மெஷினுக்கே மாட்டக்கூடிய கார்டுக்கு ஒரு போட்டி வைங்க. நடுவர்களா கட்டிங் மாஸ்டர்களை உட்கார வைங்க. அவங்க வேலை செஞ்சு பார்த்து ஓகே சொன்னாத்தான் பரிசு.
வெளிநாட்டு பையர்களுக்கு: கிளவுஸ் போட்டோ போதும். கார்டைக் கேளுங்க. செலவுல பங்கையும் விலையில சேர்த்துக் கொடுங்க.
அரசுக்கு: எண்ணிக்கை எத்தனையா இருந்தாலும், ஓடுற கத்திக்குத் தடுப்பு கட்டாயம் என்று விதி கொண்டு வாங்க.

25/
முதலாளிகளுக்கு ஒண்ணே ஒண்ணு. நாளைக்குக் காலையில கட்டிங் ஹாலுக்குப் போய் ஒவ்வொரு மெஷினையும் பாருங்க. கார்டு இருக்கா, சுலபமா இறங்குதா, அணைச்ச பிறகு எவ்வளவு நேரம் கத்தி ஓடுது. அப்புறம் மாஸ்டர்கிட்ட "இதை எப்படி மாத்தினா உங்களுக்கு வேலை ஓடும்?" என்று கேளுங்க. அரை மணி நேரம் போதும்.

கட்டிங் செக்‌ஷன்ல வேலை செய்றவங்க உங்க வீட்டுலயோ தெருவுலயோ இருந்தா, 20, 21 இரண்டையும் அவங்களுக்கு அனுப்பிடுங்க. மீதியை அவங்க முதலாளிக்கு அனுப்புங்க.